யார் கண்ணுக்கு இந்தப் படம்? மலையகத்து அலுவலகத்திலும் வகுப்பறையிலும் கலையைக் கொண்டுவரப் புதிதாகத் தொடங்குவோருக்கு

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்ட அலுவலகத்தின் வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் பெரிய படம் ஒன்று. பச்சை மலை, சரிவெல்லாம் தேயிலை, நடுவில் கூடையோடு சிரிக்கும் ஒரு பெண். கண்ணாடி போட்டு நல்ல சட்டத்தில் மாட்டியிருந்தார்கள். எனக்குப் படம் பிடித்திருந்தது. சேமலாப நிதி விசயமாக வந்து பக்கத்தில் காத்திருந்த அக்காவிடம், "படம் நல்லா இருக்குல்ல அக்கா" என்றேன்.

"எங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த மலை? விடிஞ்சதுல இருந்து அதுலதானே நிக்கிறோம்" என்றார். சொல்லிவிட்டு, கொழுந்துக் கறை ஏறிய தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். அப்படியென்றால் என்ன படம் வைத்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கடல்" என்றார்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பதிலிலிருந்து வந்ததுதான். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. வகுப்பறைச் சுவர், செயலட்டை, அலுவலக வாங்கு, மருந்தகத்தில் காத்திருக்கும் இடம் என்று இந்த வேலையைப் பல இடங்களில் செய்து பார்த்திருக்கிறேன். புதிதாக ஒரு வகுப்பையோ அலுவலகத்தையோ பொறுப்பேற்றிருக்கிறீர்கள், சுவர் வெறுமையாக இருக்கிறது, ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு.

கலையால் மனம் அமைதியாகுமா?

ஆகும். அதிபரோ பெரிய கிளார்க்கோ "இதெல்லாம் வீண் செலவு" என்று சொன்னால் எடுத்துச் சொல்ல இரண்டு விசயங்களைக் கையில் வைத்திருங்கள்.

ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் பார்த்தார். பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருடைய கட்டிலருகே ஜன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன. மற்றவர்களுக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாகவே வீடு போனார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். 1984இல் வெளிவந்த ஆய்வு இது. இன்றைக்கும் மருத்துவமனை கட்டுகிறவர்கள் எடுத்துப் பேசுவது இதைத்தான். இரண்டாவது, 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, கலைக்கும் உடல், மன நலத்துக்கும் உள்ள தொடர்பை அது விளக்குகிறது.

ஆனால் எந்தப் படமும் எல்லோரையும் ஆற்றிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே உல்ரிச்சும் உடன் ஆய்வாளர்களும் சுவீடனின் உப்சாலாவில் இதயச் சத்திரசிகிச்சை முடிந்தவர்களின் கண்ணெதிரே வெவ்வேறு படங்களை வைத்துப் பார்த்தார்கள். நீரும் மரமும் திறந்த வெளியும் உள்ள படம் பதற்றத்தைக் குறைத்தது. நேர்கோடுகளும் கட்டங்களுமான நவீன ஓவியமோ, படமே இல்லாமல் இருந்தவர்களை விடவும் பார்த்தவர்களைப் பதற்றப்படுத்தியது. தவறான படத்துக்கு வெறும் சுவரே மேல்.

முதல் வேலை: கேட்பது

ஆணி அடிக்கும் முன், அந்தச் சுவரின் எதிரே யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவரா, அந்தப் பக்கம் காத்திருப்பவரா? இருவருக்கும் ஒரே படம் பொருந்தாது.

கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் வேலை செய்கிறவருக்குத் தேயிலை மலைப் படம் ஒரு விடுமுறை. நாளுக்குப் பதினெட்டு, இருபது கிலோ பறித்துக் கொடுக்க வேண்டியவருக்கு அதே மலை ஒரு கணக்கு. மழை மலைப் படமும் அப்படித்தான். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை லயன் வீடுகள் மண்சரிவில் புதைந்துபோனதை நாம் யாரும் மறக்கவில்லை. அடை மழை என்றால் ராத்திரி தூங்காமல் சரிவையே பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு, மேகம் இறங்கிய மலைச்சரிவு 'அழகான காட்சி' இல்லை. வெளியூரிலிருந்து பயிற்சி முடித்து வருகிற இளம் ஆசிரியர்கள் நல்ல மனதோடு செய்கிற தவறு இது. அதனால்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

எப்படிக் கேட்பது? "உங்களுக்கு என்ன படம் வேணும்" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் "நீங்களே பார்த்துப் போடுங்க" என்றுதான் பதில் வரும். நான் செய்வது இதுதான். பழைய கலண்டர்களிலிருந்து ஐந்தாறு படங்களை வெட்டி எடுத்துக்கொள்வேன். கடல், ஆறு, பூ, பறவை, பழைய வீடு, கோயில் தேர். வாங்கில் ஒரு வாரம் அப்படியே கிடக்க விடுவேன். எந்தப் படம் கசங்கியிருக்கிறதோ அதைத்தான் அதிகம் பேர் கையில் எடுத்திருக்கிறார்கள்.

கேட்டுச் செய்வதில் மரியாதை மட்டும் இல்லை, பலனும் இருக்கிறது. இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெய்க் நைட்டும் அலெக்சாண்டர் ஹாஸ்லமும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இது. வெறுமையான அறையில் வேலை செய்தவர்களை விட, செடியும் படமும் வைத்த அறையில் இருந்தவர்கள் சுமார் 17 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள். அந்தச் செடியையும் படத்தையும் தாங்களே விரும்பியபடி வைத்துக்கொண்டவர்களோ சுமார் 32 சதவீதம். இன்னொரு பகுதியினரை விரும்பியபடி வைக்கவிட்டு, பிறகு அவர்கள் கண்முன்னாலேயே எல்லாவற்றையும் மாற்றி வைத்தார்கள். கிடைத்த பலன் அதோடு போய்விட்டது. ஆகவே கேட்டுவிட்டு, கடைசியில் உங்கள் விருப்பத்தை மாட்டாதீர்கள். அதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

சாமிப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலைத் தொழிற்சாலைக்குள் சின்ன விளக்கோடு சாமி மாடம் இருக்கும். அலுவலகத்தில் புத்தர் சிலையும் பிள்ளையார் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அங்கே வேலை செய்கிறவர்களின் மனதை ஆற்றும் கலை ஏற்கனவே அதுதான். அதை நகர்த்த வேண்டாம், அதன் பக்கத்தில் வேறெதையும் மாட்டவும் வேண்டாம்.

உட்கார்ந்து பார்த்து மாட்டுங்கள்

நின்றுகொண்டு படம் மாட்டினால் அது நிற்பவர் கண்ணுக்குத்தான் இருக்கும். காத்திருப்பவர் உட்கார்ந்திருக்கிறார். அதே வாங்கில் நீங்களும் உட்கார்ந்து, களைத்துப்போய் முதுகைச் சாய்த்தால் கண் எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். படத்தின் நடு அந்த இடத்தில் வரட்டும். பெரியவர்களுக்குத் தரையிலிருந்து சுமார் நாலு அடி. ஆரம்பப் பிரிவு வகுப்பில் மூன்றடி போதும். நம்முடைய பாடசாலைகளில் படங்களை ஏன் கூரைக்குப் பக்கத்தில் மாட்டுகிறோம்? பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்ற பயம். தங்கள் படம் என்றால் கிழிக்க மாட்டார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஈரம். மற்ற ஊர் வழிகாட்டிகளில் இது இருக்காது, ஆனால் இங்கே பாதி வேலையைக் கெடுப்பது ஈரம்தான். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே தொடங்கி செப்டம்பர் வரை மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருட முடிவில் வடகீழ்ப் பருவ மழை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து உட்காரும். சுவரோடு ஒட்டிய தாள் இரண்டு மாதத்தில் பூஞ்சணம் பிடித்து, விளிம்பு சுருண்டு, பார்க்கிறவர் மனதை இன்னும் கெடுக்கும். செய்ய வேண்டியவை:

- வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள சுவர் நல்லது.
- சட்டத்தின் பின்பக்க மூலைகளில் தக்கை அல்லது தடித்த அட்டைத் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றுப் போக விரல் அகல இடைவெளி விடுங்கள்.
- லேமினேட் செய்வதானால் பளபளப்பில்லாத உறை கேளுங்கள். பளபளப்பானதில் டியூப் லைட் மட்டும்தான் தெரியும்.
- ரெஜிபோம் எழுத்துகள், மின்னும் தாள் இரண்டையும் விட்டுவிடுங்கள். தூசி பிடித்து உரியும்போது அந்த மூலையே கைவிடப்பட்டதுபோல் இருக்கும்.

சுவருக்கு வர்ணம் பூசுவதானால் ஈயம் சேராத வர்ணமா என்று பார்த்து வாங்குங்கள். நிறத்தைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. மருத்துவமனைப் பழக்கத்தில் எல்லோரும் வெளிர்நீலம் பூசுகிறார்கள். வெயில் ஊருக்கு அது சரி. வருடத்தில் பாதி நாள் சாம்பல் நிற வெளிச்சம் வருகிற நம் அறைகளில் நீலம் இன்னும் குளிரக் காட்டும். வெண்ணெய் நிறம், மங்கலான மஞ்சள் போன்றவை இங்கே நன்றாக ஒத்துப்போகும்.

வகுப்பறையில்: முன்சுவரை விட்டுவிடுங்கள்

தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் ஒரே நீள மண்டபத்தில் மூன்று, நாலு வகுப்புகள். நடுவே தட்டி மட்டும். பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்வது காதில் விழும், மழை வந்தால் தகரக் கூரை சத்தம் வேறு. காதுக்கு அமைதி கொடுக்க நம்மால் முடியாது. கண்ணுக்காவது கொடுக்கலாம்.

நான் ஆசிரியையான முதல் வருடம் செய்தது நேர் எதிர். பிரிஸ்டல் போர்ட், டிமை தாள், பிளாட்டிக்னம் பேனா என்று சம்பளத்தில் ஒரு பகுதியைச் செலவழித்து நாலு பக்கமும் நிரப்பினேன். எழுத்து மரம், எண் ரயில், கூரையிலிருந்து தொங்கும் நட்சத்திரம். பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள். பிள்ளைகள் பாட நேரத்தில் நட்சத்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2014இல் வெளியான ஒரு ஆய்வை வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். 24 சிறு பிள்ளைகளுக்கு, அலங்காரம் நிறைந்த அறையிலும் வெறுமையான அறையிலும் அறிவியல் பாடங்கள் நடத்தியிருக்கிறார்கள். நிறைந்த அறையில் பாட நேரத்தின் 38.6 சதவீதத்தில் கவனம் வேறெங்கோ போனது. வெறுமையான அறையில் அது 28.4 சதவீதம். பாடம் முடிந்து கேட்ட கேள்விகளுக்குச் சரியாகச் சொன்னது முறையே 42, 55 சதவீதம். படித்துவிட்டு அன்றைக்கு என் நட்சத்திரங்களை நினைத்துக்கொண்டேன்.

அதற்காக எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டாம். கரும்பலகை இருக்கும் சுவரை வெறுமையாக விடுங்கள். அன்றைய பாடத்துக்கான ஒரு படம் மட்டும் அங்கே வரலாம், பாடம் முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். பிள்ளைகள் வரைந்தவை பின்சுவருக்கு. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரே நேரத்தில் ஆறேழு படத்துக்கு மேல் வேண்டாம். எல்லோருக்கும் முறை வரும்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கெட்டிக்காரர்களுடைய படம் மட்டும் ஏறினால் மற்றப் பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் ஒரு பெறுபேற்றுப் பட்டியல் ஆகிவிடும்.

செயலட்டையும் பயிற்சித்தாளும்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுவர்ப் படத்தைப் பிள்ளை விரும்பினால் பார்க்கும், தாளைப் பார்த்தே ஆக வேண்டும்.

1980இலிருந்து அரசு இலவசமாகப் பாடநூல் கொடுக்கிறது. அதன் பக்க அமைப்பு நம் கையில் இல்லை. ஆனால் நாம் தயாரித்துப் போட்டோகொப்பி எடுக்கும் தாள்கள் நம் கையில்தான் இருக்கின்றன. என்னுடைய பழைய தாள் ஒன்றைச் சொல்கிறேன். தரம் 3, பெருக்கல். தாளைச் சுற்றி வண்ணத்துப்பூச்சிக் கரை, மேல் மூலையில் சிரிக்கும் சூரியன், கீழே முயல். நடுவில் நெருக்கி நெருக்கிப் பன்னிரண்டு கணக்கு. கடைசி வரிசையில் இருந்த மகன் ஒருவன் முதல் கணக்கான 3 × 4க்கு 14 என்று எழுதியிருந்தான். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை. எப்படி வந்தது என்று கேட்டேன். விரலால் கரையைச் சுற்றிக் காட்டினான். வண்ணத்துப்பூச்சிகளை எண்ணியிருக்கிறான், சரியாகப் பதினான்கு! தாளில் படம் இருந்தால் அதற்கும் கணக்குக்கும் தொடர்பு இருக்கும் என்று அவன் நம்பியது முழு நியாயம். நம்பிக்கையைக் கெடுத்தது என் தாள்.

ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளர் இதைப் பல தடவை சோதித்திருக்கிறார். மின்னல் எப்படி உருவாகிறது என்ற பாடத்தில், மின்னல் பற்றிய சுவையான, ஆனால் விளக்கத்துக்குத் தேவையில்லாத தகவலும் படமும் சேர்த்தபோது மாணவர்கள் விளக்கத்தைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள்.

இப்போது அதே தாளை நான் இப்படித்தான் செய்கிறேன். பன்னிரண்டு கணக்கு ஆறாகிவிட்டது. கரை இல்லை. முதல் கணக்குக்குப் பக்கத்தில் மூன்று பைகள், ஒவ்வொன்றிலும் நாலு பேரிக்காய். நம் வீட்டுத் தோட்டத்தில் காய்க்கிற பேரிக்காய், பிள்ளைக்குத் தெரிந்த காய். பக்கத்தின் கீழ்ப் பகுதியில் நாலு விரல் இடம் வெறுமையாக இருக்கும். செய்து முடித்தவர்கள் அங்கே விரும்பியதை வரையலாம். கணக்கென்றால் பயப்படும் பிள்ளைகளின் முகம் அந்த வெறும் இடத்தைப் பார்த்ததுமே தளர்வதைப் பார்த்திருக்கிறேன். தாள் நிறைய எழுத்து இருந்தால் பயம், முடிவு கண்ணுக்குத் தெரிந்தால் தைரியம்.

கோட்டுப் படமாக வரையுங்கள். நிழல் போட்ட படம் இரண்டாவது கொப்பியிலேயே கறுத்துப் பேய் மாதிரி ஆகிவிடும். படத்துக்கான சொல்லைப் படத்தோடு ஒட்டியே எழுதுங்கள். பக்கத்தின் அந்த மூலையில் படம், இந்த மூலையில் விளக்கம் என்றால் பிள்ளையின் கண் ஓடி ஓடிக் களைத்துப்போகும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் தயாரிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் பக்கத்தின் முதல் வினா, படம் பார்த்து எளிதாகச் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். கை நடுங்க உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த முதல் விடை ஒரு மிடறு தண்ணீர்.

பார்ப்பதோடு நிற்காமல் வரைய வையுங்கள்

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பெரியவர்களை 45 நிமிடம் விரும்பியதைச் செய்யவிட்டார்கள். களிமண், பேனா, வெட்டி ஒட்டும் தாள் எல்லாம் இருந்தன. முன்னும் பின்னும் உமிழ்நீரில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோனை அளந்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. 2016இல் வந்த ஆய்வு.

நமக்கு 45 நிமிடம் கிடைக்காது. பத்து நிமிடம் கிடைக்கும். வெள்ளைத் தாளைக் கொடுத்து "வரையுங்க" என்றால் பெரியவர்கள் தயங்குவார்கள், "எனக்கு வராது" என்று பேனாவை வைத்துவிடுவார்கள். அவர்களுக்குப் புள்ளிக் கோலம் கொடுங்கள். ஒழுங்கான வட்ட வடிவங்களுக்கு நிறம் தீட்டியவர்களின் பதற்றம், வெறுந்தாளில் தீட்டியவர்களை விட நன்றாகக் குறைந்தது என்று 2005இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. கோலத்தை அப்படிச் சோதித்ததாக நான் படித்ததில்லை, ஆனால் மார்கழிக் காலையில் வாசலில் குனிந்து இழை போட்ட எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார். ஐந்து புள்ளி நேர் வரிசை போதும். ஆசிரியர் கூட்டத்துக்கு முன் ஒரு தடவை செய்து பாருங்கள். ஆண் ஆசிரியர்கள் முதலில் சிரிப்பார்கள், மூன்றாவது தடவை தாள் கேட்பார்கள்.

பிள்ளைகளுக்குக் கோலம் தேவையில்லை. மாசி மாதம் காமன் கூத்து பார்த்துவிட்டு வந்தால் ரதியும் மதனும் தானாக வருவார்கள், தப்பு அடிக்கிற மாமா வருவார். திருத்தாதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள். "இது என்ன?" என்பதை விட "இதைப் பற்றிச் சொல்லு மகன்" என்று கேளுங்கள். ஒரு பிள்ளை வாரக்கணக்கில் ஒரே பயங்கரத்தை, இடிந்து விழும் வீட்டையோ அடிக்கும் கையையோ வரைந்துகொண்டே இருந்தால் அது கலையால் ஆற்றும் விசயம் இல்லை. பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரிடம் பேசுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மாற்றுங்கள், தேவையானால் விட்டுவிடுங்கள்

எந்தப் படமும் ஒரு தவணைக்குப் பிறகு சுவரோடு சுவராகிவிடும். கண் அதைக் காணாது. தவணை விடுமுறையில் எல்லாவற்றையும் இறக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, பூஞ்சணம் பிடித்ததை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை இடம் மாற்றுங்கள். படத்தின் பின்னால் மாட்டிய திகதியையும் யார் தேர்ந்தெடுத்தது என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்து வருகிறவருக்கு உதவும்.

அந்தத் தோட்ட அலுவலகத்தின் பெரிய கிளார்க் நல்ல மனிதர். நடந்ததைச் சொன்னதும், சிரிக்கும் பெண்ணின் படத்தை உள்ளே, விருந்தினர் வரும் அறைக்கு மாற்றிவிட்டு வாசல் சுவரை எனக்கு விட்டுக்கொடுத்தார். பழைய கலண்டர் ஒன்றிலிருந்து ஒரு கடல் படம் எடுத்து, சட்டம் போட்டு மாட்டினேன். மணல், கொஞ்சம் அலை, தூரத்தில் ஒரு வள்ளம். நாலு மாதம் கழித்து மாற்றுவதற்கு ஓர் ஆற்றுப் படத்தோடு போனேன். வாங்கில் மூன்று பேர் இருந்தார்கள். ஆணியிலிருந்து படத்தைக் கழற்றும்போது ஒரு அம்மா, "அது இருக்கட்டுமே டீச்சர்" என்றார். துடைத்து, பின்னால் அன்றைய திகதியைப் போட்டு, அதே ஆணியில் திரும்ப மாட்டிவிட்டு ஆற்றுப் படத்தை வகுப்புக்கு எடுத்து வந்தேன்.